மூன்றாவது கட்டத்தில் போட்ட டிக்

மார்ச் 3, செவ்வாய்

என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். மேலே ரோஜா நிறத் தாளில் 'நேரம் தவறாதவர்' என்று எழுத்து, கீழே பிளாஸ்டிக் பூ. காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. நான் ஆறு மணிக்கே வந்துவிடுகிறேனாம். மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து, "கடமை உணர்ச்சின்னா இப்படி இருக்கணும். சூப்பர்வைசரப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். முப்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

கடமையாவது கத்தரிக்காயாவது. காலையில் எழுந்தால் இடுப்பு பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது. நிமிர்ந்து நடக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. அதை யாரும் பார்க்கக் கூடாது. அதனால் ஆறு மணிக்கே போய், ஆள் இல்லாத சலவைக் கூடத்தில், அழுக்கு பெட்ஷீட் குவிந்த தள்ளுவண்டிகளுக்கு நடுவே, சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கிறேன். துவைக்கும் இயந்திரம் எட்டு, காய வைப்பது ஆறு, பெரிய உருளை இஸ்திரி இரண்டு. இவற்றைச் சுற்றி இருபது சுற்று போனால் கொஞ்சம் மனுஷி ஆகிறேன். ஏழு மணிக்கு ஆட்கள் வரும்போது கையில் பட்டியலோடு விறைப்பாக நிற்பேன். விறைப்பு மட்டும் நிஜம்.

வயது இருபத்தெட்டு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

காலுறை போட ஏழு நிமிஷம். கடிகாரம் பார்த்தேன். நாளையிலிருந்து காலுறை இல்லாத செருப்புதான்.

மார்ச் 8, ஞாயிறு

என் முதுகுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். வலியை அம்மாவிடமும் ரேடியோ அக்காவிடமும் மட்டும்தான் சொன்னேன், அதுவும் கால்வாசி. (ரேடியோ அக்கா மடிப்பு மேசையில் வேலை. காலையில் வாயைத் திறந்தால் ஷிப்ட் முடியும்வரை ஒலிபரப்பு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.)

அம்மா: மெத்தை. அக்கா: போன். "குனிஞ்சு குனிஞ்சு அதையே பாத்தா முதுகு என்ன பண்ணும், பாவம்." பிறகு எட்டு மணி நேரம் நிற்பது. பிறகு எடை. பிறகு பஸ். மெத்தையை மாற்றினோம். அம்மாவுக்கு நல்ல தூக்கம் வருகிறது.

போன மாதம் பார்த்த டாக்டர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "இந்த வயசுல முதுகு வலியா? எதையாவது வெயிட்டாத் தூக்கினீங்களா?" ஈரத் துணி தூக்குவேன் என்றேன். "அதான். தசைப் பிடிப்பு." எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கொடுத்த மாத்திரை அற்புதமாகக் கேட்டது, பத்து நாள். மாத்திரை தீர்ந்ததும் வலி தன் வீட்டுக்கு வருவது மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி அவரிடம் போகக் கூச்சம். எக்ஸ்ரேயே சுத்தம் என்று சொல்லிவிட்டதே! படத்தில் இல்லாத வலியை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மார்ச் 15, ஞாயிறு

அம்மா சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சத்தம் கேட்டாலே தெரிந்துவிடும், அண்ணனிடம் பேசுகிறாள். எனக்குக் கேட்கக் கூடாதாம். குழாயை மூடியதும் நான் பேப்பர் படிப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். "நல்லா இருக்கானா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். இந்தச் சலவைக் கூடத்தில்தான் அவனும் இருந்தான், எனக்கு முன்னாலேயே சேர்ந்தவன். என்னை வேலையில் சேர்த்துவிட்டதே அவன்தான். பிறகு நான் சூப்பர்வைசர் ஆனேன், அவன் மடிப்பு மேசையிலேயே இருந்தான். தினமும் அரை மணி தாமதம். வந்தாலும் எட்டு ஒன்பது மணி வரை உடம்பை இழுத்து இழுத்து நடப்பான். கடைசியில் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று நீக்கிவிட்டார்கள். அறிக்கையில் கையெழுத்து நான் போட்டது. சூப்பர்வைசர் போட வேண்டியது, போட்டேன்.

மார்ச் 23, திங்கள்

இன்று அவமானம். எட்டாம் நம்பர் இயந்திரத்திலிருந்து ஈர பெட்ஷீட்டை இழுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. தலையை இயந்திரத்துக்குள் விட்டபடி நின்றேன். இயந்திரம் ஓட்டும் பையன்கள், "என்ன மேடம், ஏதாவது விழுந்திருச்சா?" என்றார்கள். "மோதிரம்" என்றேன். மூன்று பேர் கால் மணி நேரம் என் மோதிரத்தைத் தேடினார்கள். நான் மோதிரமே போடுவதில்லை.

சாயங்காலம் வேறொரு டாக்டர். இவர் சுருக்கமானவர். "டிஸ்க். பத்து நாள் படுத்த படுக்கை. எழுந்திருக்கவே கூடாது." மேனேஜரிடம் ஜுரம் என்று சொல்லி லீவு வாங்கினேன். முதுகு என்று சொன்னால் அடுத்த வாரமே வேறு ஆளை சூப்பர்வைசர் ஆக்கிவிடுவார். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படித்தான் செய்திருப்பேன்.

மார்ச் 29, ஞாயிறு

படுத்து ஆறு நாள். வலி குறையவில்லை, கூடியிருக்கிறது! அசையாமல் கிடக்கக் கிடக்க இறுகுகிறது. இடுப்புக்குக் கீழே ஒரு நாள் வலப்புறம், ஒரு நாள் இடப்புறம், முறை வைத்து வலிக்கிறது. விடியும் முன்னே வலியே எழுப்பிவிடுகிறது. எழுந்து நடந்தால் தேவலை, ஆனால் டாக்டர் எழுந்திருக்கக் கூடாது என்றாரே. குதிகாலும் சேர்ந்துகொண்டது.

குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். அம்மா கதவருகே நின்று பார்த்தாள்.

"நீயும் அப்படியே அவன மாதிரி..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

யாரை மாதிரி என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

வேலைக்குப் போனேன். பத்து நாள் படுத்ததில் நடையே மறந்துவிட்டது. ஆறு மணிக்குப் போகவும் முடியவில்லை, ஏழு இருபதுக்குத்தான் போனேன். வருகைப் பதிவேடு என் கையில்தானே இருக்கிறது? ஏழு என்று எழுதிக்கொண்டேன். நேரம் தவறாதவரின் போட்டோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனச்சுக்காத. காலைல உன்னப் பாத்தப்போ நடிக்கிறியோன்னு தோணுச்சு" என்றாள். "ஏன்கா?" என்றேன். "பின்ன? ஏழரைக்குக் கிழவி மாதிரி வந்த. பத்து மணிக்கு மேல பாத்தா ஜிங்கு ஜிங்குன்னு ஓடுற. அது என்ன வலி, டைம்டேபிள் வச்சுக்கிட்டு வருது?"

பத்து மணி.

கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டு மூடினேன்.

பத்துமணி. அண்ணனுக்கு நான் வைத்த பெயர். எனக்குப் பதினான்கு வயது, அவனுக்குப் பத்தொன்பது. விடிந்து வெகுநேரம் ஆகியும் சுருண்டு கிடப்பான், எழுப்பினால் முனகுவான், பத்து மணிக்குப் பார்த்தால் சைக்கிளில் பறப்பான். "பத்துமணி எழுந்தாச்சா?" என்று ஒரு நாள் கேட்டேன், வீடே சிரித்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர், தெருக்காரர் எல்லோருக்கும் அவன் பத்துமணிதான். சலவைக் கூடத்துக்கும் அந்தப் பெயரை எடுத்துப் போனது நான்தான். அவனும் சிரிப்பான். "பத்துமணி வந்தாச்சு, வேலைய ஆரம்பிங்க" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைவான்.

இதற்கு மேல் இன்று எழுத வேண்டாம்.

ஏப்ரல் 16, வியாழன்

ரேடியோ அக்காவின் மைத்துனிக்கு மூட்டு வீக்கம் வந்தபோது பார்த்த டாக்டர் ஒருவர் இருக்கிறார். அக்கா சொன்னதால் போனேன். பெண் டாக்டர், மேசை மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு. என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் கேள்வி. முதல் இரண்டு பேரும் சேர்ந்து நான்கு நிமிஷம் கூடப் பேசவில்லை.

"வேலை செஞ்சா வலி கூடுதா, குறையுதா?"

குறையுது.

"ஓய்வு எடுத்தா?"

கூடுது.

"காலைல இறுக்கம் எவ்வளவு நேரம்? ராத்திரி பின்பகுதில எழுப்புதா? குதிகால் வலி?"

எல்லாவற்றுக்கும் ஆமாம். யாரோ என் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்துவிட்டுக் கேட்பது மாதிரி இருந்தது.

இளவயதில் முதுகு வலி வந்தால் பெரும்பாலும் தசை, இல்லையென்றால் டிஸ்க், அதெல்லாம் ஓய்வில் தணியும் என்றார். "மூணு மாசத்துக்கு மேல விடாம இருக்கு, ஓய்வெடுத்தா கூடுது, நடந்தா குறையுதுன்னா அது வேற ஜாதி. உடம்பக் காக்க வேண்டிய சக்தியே முதுகு மூட்டத் தாக்குது. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. தெரியலன்னதும் சோம்பேறி, நடிப்புன்னு சொல்லிடுவாங்க. வருஷக் கணக்குல கண்டுபிடிக்காமயே கிடக்கிறவங்க உண்டு."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "குடும்பத்துல யாருக்காவது இப்படி இருக்கா? அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க?"

"இல்ல டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு தானாகச் சொல்லியது. அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

"கண்ணு எப்பவாவது சிவந்து வலிச்சிருக்கா? வெளிச்சம் பாத்தா கூசுமா? இந்த நோய்ல கண்ணும் சேர்ந்து பாதிக்கும். ரத்தம் மாதிரி செவந்துடும். பாக்கிறவங்க குடிச்சிருக்கான்னு கூட நெனப்பாங்க."

அவர் சும்மா, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முதுகு வலியென்று நினைத்து தலையணை எடுத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 17, வெள்ளி

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது.

எங்கள் சலவைக் கூடத்தில் ஒரு படிவம் உண்டு. வேலையாள் குடித்துவிட்டு வந்ததாகச் சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர் நிரப்ப வேண்டும். நான்கு கட்டம். கண் சிவப்பு. தள்ளாட்டம். வாடை. பேச்சுக் குழறல். இரண்டு கட்டத்தில் டிக் விழுந்தால் எச்சரிக்கை. மூன்றில் விழுந்தால் வேலை போகும்.

அன்று அவன் வந்தபோது இடது கண் மிளகாய்ப் பழம். ஒரு வாரமாகவே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான், வெளிச்சம் கூசுகிறதென்று. நாங்கள் 'ஹீரோ' என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம். நடையும் தெரிந்ததுதான், ஒரு கால் இழுக்கும், ஒரு கை சுவரில். அன்று பார்த்து தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நான் சூப்பர்வைசராகி நாற்பது நாள். அண்ணனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சு என் காதுக்கே வந்திருந்தது. வந்தவர்களில் ஒருவர் அவனைக் காட்டி, "இந்த ஆளு குடிச்சிருக்கானா?" என்று என்னிடம் கேட்டார். படிவத்தை எடுத்தேன்.

கண் சிவப்பு. டிக். நிஜம்.

தள்ளாட்டம். டிக். பார்த்ததைப் போட்டேன்.

வாடை. அவன் எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றான். சோப்புத்தூள் வாசனை வந்தது. வேறு எதுவும் வரவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், வரவில்லை. இரண்டோடு விட்டால் அண்ணனைக் காப்பாற்றினாள் என்பார்கள். கோபமும் இருந்தது, தினமும் தாமதமாக வந்து என் மானத்தை வாங்குகிறானே என்று. நான் மூன்றாவது கட்டத்திலும் டிக் போட்டேன்.

"நான் குடிக்கல. நீயாவது சொல்லு" என்றான். எல்லோரும் இருந்தார்கள். நான் படிவத்தின் கீழே தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தச் சலவைக் கூடமும் அவனை எடுக்கவில்லை. எங்கே போனாலும் பழைய இடத்தில் விசாரிப்பார்கள், 'குடிபோதையில் வந்ததால் நீக்கம்' என்று இங்கிருந்து பதில் போகும். அந்தப் பதிலின் கீழே இருப்பது என் கையெழுத்து. சீ! நான் எல்லாம் ஒரு தங்கச்சி.

ஏப்ரல் 18, சனி

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அசையாமல் படுத்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

நோய் அதுதான். ரத்தத்திலும் தெரிகிறது, இடுப்பு மூட்டு ஸ்கேனிலும் தெரிகிறது. முழுக்கக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காரவோ படுக்கவோ கூடாது. விட்டுவிட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கம்பு மாதிரி ஆகிவிடும். "நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க. நல்லவேளை."

நல்லவேளை. எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"டாக்டர், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். எனக்கு அண்ணன் இருக்கார்."

எல்லாவற்றையும் சொன்னேன். அதாவது, அவனுடைய காலை, கண், கறுப்புக் கண்ணாடி எல்லாம். படிவத்தைச் சொல்லவில்லை. பதினான்கு வருஷமாக இருக்கிறது என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒட்டின எலும்பு திரும்பப் பிரியாது. ஆனா மேல போகாம தடுக்கலாம். கண்ணுக்குப் பாக்காம விட்டா பார்வையே போகலாம். எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

பார்க்கிறேன் டாக்டர் என்றேன். பார்க்கிறேனாம்!

ஏப்ரல் 26, ஞாயிறு

அவன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாகக் காலை முழுக்கப் போயிற்று. பிறகு அம்மாவிடம் போய், "நீ சொல்லிடேன்மா" என்றேன். நோயைப் பற்றிச் சொன்னேன். அப்பாவும் சாகும்போது நாற்பத்தெட்டு வயதுதான், அதற்குள்ளேயே கூன் விழுந்திருந்தார். அதையும் அம்மாவே நினைவுபடுத்தினாள். பிறகு என் வாய் நிற்கவில்லை. படிவத்தையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டே, "அவன் குடிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "அவனுக்குச் சாராய வாசனையே ஆகாது, வாந்தி எடுப்பான்."

"அப்ப ஏன்மா அன்னிக்கே கேக்கல?"

"கேட்டா உன் வேலையும் போயிருக்கும். ஒருத்தராவது சம்பாதிக்கட்டும்னு வாய மூடிக்கிட்டேன். நீ டிக் போட்ட. நான் போடல. அவ்வளவுதான் வித்தியாசம்."

கத்தி நின்றுவிட்டது. "நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

மே 3, ஞாயிறு

போனேன்.

ஒரு பெரிய கடைக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடம். அங்கே கண்ணாடிக் கூண்டில் அண்ணனுக்கு மதிய ஷிப்ட். வண்டி வந்தால் சீட்டு கொடுப்பான், பொத்தானை அழுத்தி வழிமறிக்கும் கட்டையைத் தூக்குவான். பக்கவாட்டில் நின்று, "அண்ணா" என்றேன். அவன் கழுத்தைத் திருப்பவில்லை. நாற்காலியோடு முழு உடம்பையும் திருப்பினான். கழுத்து திரும்பாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பத்துமூன்று வயது. தாடை நெஞ்சை நோக்கி இறங்கியிருக்கிறது, என்னைப் பார்க்கக் கண்ணை மட்டும் மேலே தூக்கினான்.

"வா. மதிய ஷிப்டா பாத்து எடுத்துக்கிட்டேன். பத்துமணிக்கு ஏத்த வேலை" என்றான். சிரித்தான்.

நோயைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்னதை வரிசை மாறாமல் ஒப்பித்தேன். நடுநடுவே வண்டி வந்தது. சீட்டு கொடுத்தான், கட்டையைத் தூக்கினான், திரும்பினான். கண்ணைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தும் அவன் அசையவில்லை.

அடுத்ததைச் சொல்ல வேண்டும். அதற்குள் அவனே கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா கேக்கணும்னு. அந்தப் படிவத்த எங்கிட்டயும் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாங்க. வாடைன்னு டிக் போட்டிருந்த. உனக்கு நிஜமாவே வாடை அடிச்சுதா?"

நான் கூண்டுக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"இல்ல, தப்பா கேக்கல. முந்தின நாள் ராத்திரி ஒரு மருந்து தேச்சுக்கிட்டேன் இடுப்புல. அது வாடையான்னு யோசிச்சேன். இல்ல, பஸ்ல யாராவது பக்கத்துல உக்காந்தானான்னு... அந்தச் சட்டைய வீட்டுக்குப் போய் மோந்து பாத்தேன். துவைக்காம ரொம்ப நாள் வச்சிருந்து மோந்து மோந்து பாத்தேன். நீ பொய் சொல்ல மாட்டன்னு தெரியும். அதான் ஒண்ணும் புரியல."

"அடிக்கல" என்றேன். "ஒண்ணும் அடிக்கலண்ணா. சோப்புத்தூள் வாசனைதான் வந்துச்சு. நான் வேணும்னுதான் போட்டேன்."

வண்டி வந்தது. சீட்டு கொடுத்தான். கட்டையைத் தூக்கினான். வண்டி போன பிறகும் கட்டை கீழே இறங்கவில்லை, அவன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பின்னால் வந்த இரண்டு வண்டிகள் சீட்டு வாங்காமலே உள்ளே போயின.

"சரி, நீ கிளம்பு. சூப்பர்வைசர் வர்ற நேரம்" என்றான்.

மே 4, திங்கள்

அவன் திட்டியிருந்தால் கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரியும் என்றானே. இரண்டு வருஷம் தன் சட்டையைச் சந்தேகப்பட்டிருக்கிறான், என்னைச் சந்தேகப்படவில்லை.

மே 5, செவ்வாய்

மேனேஜர் அறைக்குப் போனேன். எழுதியே கொண்டுபோனேன், பேசினால் பூசி மெழுகிவிடுவேன் என்று. வாடை வந்ததாக நான் குறித்தது பொய். கண் சிவப்பும் நடையும் நோயால் வந்தவை. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். விசாரிப்பவர்களுக்குத் திருத்திய பதில் போக வேண்டும்.

படித்துவிட்டு மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "முடிஞ்சு போன விஷயம்மா. இத ஏன் இப்பக் கிளறுற? தலைமை அலுவலகம் வரைக்கும் போகும். உனக்குத்தான் கஷ்டம்."

"தெரியும் சார்."

"அவனுக்கு நோய் இருக்குன்னு நீ எப்படிச் சொல்ற?"

"எனக்கும் இருக்கு சார். நான் ஆறு மணிக்கு வந்தது அதனாலதான். யாரும் பாக்காம நடக்க. ஏப்ரல் ஆறாம் தேதி ஏழு இருபதுக்கு வந்துட்டு ஏழுன்னு எழுதினேன். அதையும் சேத்து எழுதியிருக்கேன், ரெண்டாம் பக்கம்."

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மனிதர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். போட்டோவுக்கு வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

மே 11, திங்கள்

சூப்பர்வைசர் வேலை போயிற்று. மடிப்பு மேசைக்கு மாற்றம். நோட்டீஸ் போர்டில் என் போட்டோ இருந்த இடத்தில் நாலு பசைத் தடம். பிளாஸ்டிக் பூ மட்டும் இருக்கிறது, அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் முப்பத்திரண்டு பேருக்கும் முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். ஒருவரும் பேசவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ரேடியோ இருக்கும்போது தெரியாமல் போகுமா? பெரிய பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை, விரித்து, உதறி, நெருங்கி வந்து, விலகி. என்னோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. கூடப் பிறந்தவனையே மாட்டிவிட்டவள் பக்கத்தில் யார் வருவார்கள்? கடைசியில் ரேடியோ அக்கா வந்து எதிர் முனையைப் பிடித்தாள். பத்தரை மணி வரை ஒரு வார்த்தை இல்லை. என் காதே நம்பவில்லை.

பிறகு, "உங்கண்ணன் எனக்கு நாலு வருஷம் ஜோடி" என்றாள். "முனை ஒரு தடவ கூட கோணினதில்ல." அவ்வளவுதான்.

மே 20, புதன்

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அறிக்கை கோப்பிலிருந்து நீக்கப்பட்டது என்று மூன்று வரி. நகலை அம்மா மூலம் அனுப்பினேன். என் பெயரில் போனால் பிரிக்காமல் வைத்துவிடுவானோ என்று பயம்.

மே 27, புதன்

பதில் இல்லை. கேட்கும் உரிமையும் இல்லை.

ஜூன் 2, செவ்வாய்

வலது கண் சிவந்துவிட்டது. ஊசி குத்துவது மாதிரி வலி, ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை. கண் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். "பொண்ணப் பாரு, காலையிலயே ஏத்திக்கிட்டு..." என்று யாரிடமோ சொன்னாள்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். யார் கேட்டார்கள், சொல்வதற்கு?

அவன் இதை எத்தனை பஸ்ஸில் பார்த்திருப்பான்.

ஜூன் 4, வியாழன்

சொட்டு மருந்து கேட்கிறது. அம்மா போனில் பேசினாள். குழாயைத் திறக்கவில்லை. "அவளுக்கும் கண்ணு செவந்துடுச்சு" என்று சொன்னது கூடம் வரை கேட்டது. எதிர்ப்பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை போலிருக்கிறது, அம்மா இரண்டு முறை "இருக்கியா?" என்று கேட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

மூட்டு டாக்டரிடம் எனக்கு இன்று முறை. போய்ப் பார்த்தால் காத்திருக்கும் அறையின் கடைசி நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். யாரும் கூட்டி வரவில்லை, தானாக வந்திருக்கிறான். கூட்டமாக இருந்தது, பத்துப் பதினைந்து பேர். அவன் பக்கத்து நாற்காலி காலி. உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன். அவனால் கழுத்தைத் திருப்ப முடியாது என்பது நினைவுக்கு வந்து, அவனுக்கு எதிரே போய் நின்றேன்.

"கண்ணு எப்படி இருக்கு?" என்றான்.

"பரவால்லண்ணா."

நர்ஸ் அவனிடம் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தாள். புதிய நோயாளிகள் நிரப்ப வேண்டிய படிவம். அவன் அதை மடியில் வைத்தான். குனிந்து பார்க்க முதுகு வளையவில்லை. கையில் தூக்கிப் பிடித்தான், எழுத முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

வாங்கிப் பார்த்தேன். முழுக்கக் கட்டங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். அவன் பதில் சொன்ன பிறகுதான் பேனாவைத் தாளில் வைத்தேன். காலை இறுக்கம் உண்டா? உண்டு. டிக். எத்தனை ஆண்டுகளாக? பதினாலு. கண் சிவப்பு? உண்டு. டிக். குடும்பத்தில் வேறு யாருக்காவது? "தங்கச்சிக்கு" என்றான். எழுதினேன்.

அடுத்த வரியில் நின்றுவிட்டேன். அவன் காத்திருந்தான்.

"படி" என்றான்.

"மது அருந்தும் பழக்கம் உண்டா?"

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எதிரே இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் நாற்காலியில் முழு உடம்பையும் மெல்ல என் பக்கம் திருப்பினான், வலித்திருக்கும். என் கண்ணைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கோணாமல், கட்டத்துக்குள்ளேயே. அவன் தாளை வாங்கி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அடுத்த கேள்வி?" என்றான்.